டெல்ஃப்டில் முதல் குளிர்காலமும் மிதிவண்டிச் சங்கிலியும்

அன்புள்ள தம்பி,

நெதர்லாந்தின் டெல்ஃப்டுக்குப் படிக்க வந்து, பின்சக்கரத்தில் ஏழு பல்சக்கரங்கள் கொண்ட பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கியிருப்பதாகவும், மழை தொடங்கியதிலிருந்து அதன் சங்கிலி கரகரவென்று சத்தமிடுவதாகவும், கியரை மாற்றினால் உடனே மாறுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடையில் கொடுக்கக் கூலி கட்டுப்படியாகவில்லை, ஊரில் செய்வதுபோல் மண்ணெண்ணெயில் கழுவித் தேங்காய் எண்ணெய் விட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த இரண்டு பொருள்களும் இங்கே வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். நெதர்லாந்தின் குளிர்காலத்தில் அது கண்ணிகளுக்குள் கட்டியாக இறுகி, மணலையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் அழுக்கை நன்றாகவே கரைக்கும் என்றாலும், அதன் ஆவி மூடிய அறையில் தேங்கும், எளிதில் தீப்பற்றும்; குளிருக்காகச் சன்னலைச் சாத்தி வைத்திருக்கும் மாணவர் அறையில் அதை வைத்திருப்பதே சரியல்ல. பலரும் கையில் எடுக்கும் டபிள்யூடி-40 என்ற தெளிப்பு எண்ணெய் துருவையும் அழுக்கையும் இளக்க உதவும்; ஆனால் அதன் மெல்லிய படலம் இங்குள்ள மழைக்கு நிற்காது, ஆகவே அதைச் சங்கிலி எண்ணெய்க்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள். மிதிவண்டிக் கடைகளில் கிடைக்கும் அழுக்கு நீக்கித் திரவம் ஒரு குப்பி, சங்கிலிக்கென்றே விற்கும் எண்ணெய் ஒரு குப்பி, பழைய பல் துலக்கி, கிழிந்த பருத்தித் துணி ஆகியவை போதும். குளிர்காலத்துக்கு, மழையைத் தாங்கும் கெட்டியான எண்ணெய் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் தேவைப்படும் இடம் அதன் வெளிப்புறம் அல்ல; ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஆணிக்கும் அதைச் சுற்றி உருளும் சிறு உருளைக்கும் இடையே உள்ள இடைவெளிதான். வெளிப்புறத்தில் தங்கும் எண்ணெய் தூசியையும் நுண்மணலையும் ஈர்த்துக் கரும்பசையாகிறது. அந்தப் பசை பல்சக்கரத்தின் பற்களை அரம்போல் தேய்க்கிறது. சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுக்கின் மேலேயே எண்ணெய் ஊற்றுகிறவர்களின் வண்டிகள் விரைவில் கெடுவதற்குக் காரணம் இதுவே.

மழையில்லாத பகல் நேரத்தில், வெளியிலோ கொட்டகையிலோ அட்டையை விரித்து வண்டியை நிறுத்துங்கள். சங்கிலியைக் கழற்ற வேண்டியதில்லை. முதலில் உலர்ந்த துணியால் சங்கிலியின் கீழ்ப்பகுதியைப் பற்றிக்கொண்டு, மிதியைப் பின்னோக்கிச் சுற்றினால் பாதி அழுக்கு துணியிலேயே வந்துவிடும். (உங்கள் வண்டியில் மிதியைப் பின்னோக்கிச் சுற்ற முடியும். உடன் தங்கியிருப்பவர்களின் டச்சு வண்டிகளில் பின்மிதித்தால் பிரேக் பிடிக்கும் வகையும் இருக்கும். அவற்றில் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து முன்னோக்கித்தான் சுற்ற வேண்டும்.) பிறகு திரவத்தைத் துலக்கியில் எடுத்துச் சங்கிலியின் நான்கு பக்கமும் தேய்த்து, சில நிமிடம் ஊறவிடுங்கள்.

கியர் உடனே மாறாததற்குக் கியரை இழுக்கும் கம்பியின் தளர்வும் காரணமாகலாம். எனினும் முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கரப் பல்சக்கரங்களின் இடுக்கையும், அவற்றுக்குக் கீழே தொங்கும் கியர் மாற்றியின் இரண்டு சிறு சக்கரங்களையும்தான். துணியை நீளமான நாடாவாகக் கிழித்து, ஒவ்வோர் இடுக்கிலும் நுழைத்து இருபுறமும் மாறி மாறி இழுங்கள். அந்தச் சிறு சக்கரங்களில் தலைமுடியும் நூலும் கலந்த பசை தடிமனாகப் படிந்திருக்கும். மரக்குச்சி ஒன்றை அவற்றின் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மிதியை மெதுவாகச் சுற்றினால் அது சுருளாக உரிந்து வரும். விரலைச் சுழலும் பற்களுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரால் எல்லாவற்றையும் கழுவி, கொஞ்சம் தண்ணீரால் அலசுங்கள். அழுத்தத்தோடு பாயும் குழாய்நீரைச் சக்கரத்தின் அச்சிலோ மிதியின் அச்சிலோ பாய்ச்சினால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறி, அச்சைச் சுற்றி உருளும் சிறு எஃகுக் குண்டுகள் துருப்பிடிக்கும். கழிவுநீரைத் தெருவோரச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இங்கே பல பகுதிகளில் மழைநீர் வடிகால் நேரே கால்வாயில்தான் சேர்கிறது. மிஞ்சிய திரவத்தை ஒரு புட்டியில் சேர்த்து, நகராட்சியின் கழிவு சேகரிப்பு நிலையத்தில் இரசாயனக் கழிவாகக் கொடுங்கள்.

சங்கிலி முழுவதும் உலர்ந்த பிறகே எண்ணெய் விட வேண்டும். ஈரத்தின் மேல் விட்டால் அது உள்ளே இறங்காது. ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி, அவ்வளவுதான். சில முறை சுற்றி, சற்று நேரம் பொறுத்து, வெளியே தெரியும் எண்ணெயை எல்லாம் துடைத்துவிடுங்கள். பலர் தவிர்க்கும் படி இதுதான். என் கருத்தில் மிக முக்கியமானதும் இதுதான். சக்கரத்தின் விளிம்பிலோ பிரேக் தட்டிலோ ஒரு துளியும் படக்கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது.

உறைபனி நாள்களில் மிதிவண்டிப் பாதைகளிலும் உப்புத் தூவுவார்கள். உப்புநீர் பட்ட சங்கிலி ஓர் இரவிலேயே செம்பழுப்பாகிவிடும். அன்று மாலையே வெறும் தண்ணீரால் அலசித் துடைத்து, உலர்ந்தபின் சிறிது எண்ணெய் விடுங்கள். மற்ற நாள்களில், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை துணியால் துடைத்தாலே முழுக் கழுவலுக்கு அடிக்கடி தேவை இராது.

இவ்வளவு செய்தும் சங்கிலி பற்களில் தாவினால், அது தேய்ந்திருக்கலாம். ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவரை 12.7 மி.மீ. என்பது புதிய சங்கிலியின் அளவு. ஆகவே 20 கண்ணிகள் சேர்ந்தால் 25.4 செ.மீ. சங்கிலியை இழுத்துப் பிடித்து அளவுகோலால் அளந்து பாருங்கள். 25.6 செ.மீ.யை எட்டிவிட்டால் சங்கிலியை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பல்சக்கரங்களும் அதோடு தேய்ந்து, செலவு பெருகும். புதிய சங்கிலியும் பழைய பல்சக்கரத்தில் தாவுமானால் அந்த அடுக்கையும் மாற்ற வேண்டியிருக்கும். அதைக் கழற்றத் தனிக் கருவி தேவை. அந்த ஒரு வேலைக்கு மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள்.