கியர்பாக்ஸைப் பிரிப்பதா, ஓடினதை வாங்கி மாட்டுவதா?

கேள்வி: ஐயா, வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் முறுக்கு, சீடை, அதிரசம் போட்டு வலங்கைமான், குடவாசல், நன்னிலம் பக்கக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். வண்டி 2012-இல் பதிவான பெட்ரோல் வேகன் ஆர். நான் மூன்றாவது ஓனர். ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. இரண்டாவது கியர் போட்டால் கரகரவென்று கத்துகிறது. நியூட்ரலில் நிற்கும்போதே ஒரு ஊளைச் சத்தம் வருகிறது, கிளட்ச்சை மிதித்தால் அடங்கிவிடுகிறது. கம்பெனி சர்வீஸில் 52,000 ரூபாய் என்றார்கள். எங்கள் ஊர் மெக்கானிக் பழைய சாமான் போட்டு 18,000-க்குள் முடிக்கலாம் என்கிறார். திருச்சியில் ஓடின கியர்பாக்ஸே முழுசாக 15,000-க்குக் கிடைக்கிறது, இறக்கி ஏற்றும் கூலி 4,500 தனி. புரோக்கரோ, "இப்படியே 1,10,000-க்குத் தள்ளிவிடுங்கள், 4 லட்சத்தில் நல்ல வண்டி பிடித்துத் தருகிறேன், 3 லட்சம் ஃபைனான்ஸ் கிடைக்கும்" என்கிறார். கையில் 9,000 இருக்கிறது. மீதிக்குத் தண்டல் வாங்கலாமா, மனைவி நகையை வைக்கலாமா, அப்பா பெயரில் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனில் எடுக்கலாமா? தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

பதில்: முதலில் 52,000-ஐ ஒதுக்கிவிடுவோம். ரிப்பேரோடு 1,10,000 போகும் வண்டியில் அவ்வளவு போட்டால், விற்கும்போது அதில் பாதிகூடத் திரும்ப வராது. வாங்க வருகிறவர் மாடலையும் ஆர்.சி. தேதியையும் பார்ப்பாரே தவிர, கியர்பாக்ஸுக்குள் புது சாமான் இருக்கிறது என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்க மாட்டார். ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்த மதிப்பீட்டுத் தாள் 2025 செப்டம்பர் 22-க்கு முந்தையது என்றால் புதிதாக ஒன்று கேளுங்கள். அன்றிலிருந்து வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது. அப்படியும் உங்கள் கணக்குக்கு அது எட்டாது.

புரோக்கர் சொல்லும் வழிக்கு வருவோம். 3 லட்சம் கடன், பழைய காருக்கு 15 சதவீத வட்டி, நான்கு வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 8,350 ரூபாய். மொத்தம் கட்டுவது 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், வட்டி மட்டுமே ஒரு லட்சம். கியர் சத்தத்துக்குப் பயந்து மாதம் 8,350 ரூபாயை நான்கு வருடத்துக்கு எழுதிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதைவிட முக்கியமாக, அவர் பிடித்துத் தரும் வண்டியும் பழைய வண்டிதான். அதன் கியர்பாக்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

ஆக, ரிப்பேர்தான். ஆனால் 18,000 என்ற தொகையையும் நான் நம்ப மாட்டேன். மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. பிரிக்காத கியர்பாக்ஸுக்கு யார் விலை சொன்னாலும் அது உத்தேசம்தான்.

நீங்கள் எழுதிய இரண்டு அறிகுறிகளும் நிறையச் சொல்கின்றன. நியூட்ரலில் கிளட்ச்சை விட்டிருக்கும்போது எஞ்சினோடு சேர்ந்து கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும், அதாவது எஞ்சின் சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டும், சுற்றுகிறது. மிதித்தால் அது நின்றுவிடுகிறது. சத்தமும் அதோடு நிற்கிறது என்றால் பெரும்பாலும் அந்த ஷாஃப்ட்டின் பேரிங் போயிருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்திருந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம், அது வேறு கதை. இரண்டாவது கியர் மட்டும் கத்துவது சின்க்ரோ ரிங் தேய்ந்ததன் அடையாளம். கியர் மாறும்போது இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்கும் பித்தளை வளையம் அது. கடைகடையாக நிறுத்தி நிறுத்திப் போகும் வண்டியில் இரண்டாவது கியருக்குத்தான் வேலை அதிகம்.

பணம் எடுப்பதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது கிளட்ச்சை முழுசாக மிதித்து, மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் சின்க்ரோ ரிங் கிடையாது. பொறுத்துப் போட்டும் கடகடவென்று அடித்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். அப்படியானால் கேபிளை அட்ஜஸ்ட் செய்தாலே இரண்டாவது கியர்ச் சத்தம் பாதி குறையலாம். அடுத்தது, கியர் ஆயிலை வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் மை போல நைஸான தூள் இருந்தால் அது வயதுக்கான தேய்மானம். நகக்கண் அளவுக்கு இரும்புத் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது. ஆயிலே குறைவாக வந்தால், வீல் பக்கம் போகும் ஷாஃப்ட் சீல் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் இல்லாமல் ஓடியதுதான் வியாதிக்கே காரணமாக இருக்கலாம். சீலை மாற்றாமல் புதுப் பேரிங் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்வியின் விடை மாறுகிறது. உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் போயிருப்பது பேரிங்கும் சின்க்ரோ ரிங்கும். இவை இரண்டையும் எப்போதுமே புதிதாகத்தான் வாங்க வேண்டும். வெளியே கழற்றிய பழைய பேரிங் எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது, ரிங்கும் அப்படித்தான். ஆயில் சீலையும் பழசில் எடுப்பதில் அர்த்தமே இல்லை. பேரிங்கின் பக்கவாட்டில் எண் இருக்கும். பொதுவான அளவாக இருந்தால் தஞ்சாவூர், கும்பகோணம் பேரிங் கடைகளில் எண்ணைச் சொல்லியே வாங்கலாம், கம்பெனி கவுன்டர்தான் என்று இல்லை. பழைய சாமானில் தைரியமாக எடுக்கக்கூடியவை கியர் சக்கரம், கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க், வெளி உறை. இவை அடி படாமல் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். அப்போதும் கியர் சக்கரத்தை ஒற்றையாக வாங்க வேண்டாம். ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த ஜோடியாகவே எடுங்கள். புதுப் பல்லும் பழைய பல்லும் சேர்ந்தால் ஊளை நிற்காது. சின்க்ரோ ரிங்கோடு சேர்ந்து வேலை செய்யும் ஹப்பும் ஸ்லீவும்கூட ஒரே செட்டாக இருக்க வேண்டும்.

அதனால் என் யோசனை, உங்கள் கியர்பாக்ஸையே பிரியுங்கள் என்பதுதான். பேரிங், ரிங், சீல் புதுசு. பல் உடைந்திருந்தால் மட்டும் அந்த ஜோடியைப் பழைய சாமானில் தேடுங்கள். திருச்சியில் கிடைக்கும் முழு கியர்பாக்ஸ் மலிவாகத் தெரிகிறது. ஆனால் உங்களுடையதில் எது போயிருக்கிறது என்பது பிரித்தால் தெரிந்துவிடும். அதில் எது போகப் போகிறது என்பது மாட்டி ஓட்டிய பிறகுதான் தெரியும்.

கணக்காகவும் போட்டுப் பார்ப்போம். இவை உத்தேச எண்கள், உங்கள் ஊர் விலையை மெக்கானிக்கிடம் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இறக்கி ஏற்ற 4,500, பிரித்துக் கோர்க்க 3,000, பேரிங், ரிங், சீல் 6,000, ஆயில் 1,000. கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டு, கவர், ரிலீஸ் பேரிங் மூன்றையும் பாருங்கள். பிளேட்டு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், 4,500 என்று வைப்போம். ஆறு மாதம் கழித்து அதற்காக மறுபடி இறக்கினால் அதே கூலியை இன்னொரு முறை அழ வேண்டும். தேவைப்பட்டால் பழைய கியர் ஜோடி 3,000. ஆக 22,000. வண்டி ஐந்து நாள் நின்றால் சரக்கு கொண்டுபோக குட்டி யானை வாடகைக்குப் பிடிப்பீர்கள் இல்லையா? நாளுக்கு 1,200 என்றால் 6,000. இதை ரிப்பேர் செலவில் யாரும் சேர்ப்பதில்லை, ஆனால் உங்கள் பையில் இருந்துதான் போகிறது. மொத்தம் 28,000.

திருச்சி கியர்பாக்ஸ் வழியில் 15,000, கூலி 4,500, கிளட்ச் 4,500, ஆயிலும் சீலும் 2,000, இரண்டு நாள் வாடகை வண்டி 2,400. மொத்தம் 28,400. இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்த கியர்பாக்ஸ் சரியில்லை என்று கழற்றி மாற்ற வேண்டி வந்தால் கூலி, ஆயில், வாடகை வண்டி என்று இன்னொரு 8,000 ஏறும், கடைக்காரர் மாற்றிக் கொடுத்தாலும்கூட. ஆயிலில் பல் துண்டுகள் வந்து, ஷாஃப்ட்டும் போயிருந்தால் மட்டுமே அந்த வழிக்குப் போங்கள்.

அப்படிப் போக நேர்ந்தால் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வேகன் ஆர் என்ற பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 2010-க்கு முன் வந்ததில் இருப்பது 1,061 சிசி எஞ்சின், உங்களுடையது 998 சிசி. கியர்பாக்ஸ் எந்த வருட வண்டியில் இருந்து இறங்கியது என்று கேட்டு, உங்கள் மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள், பஸ் செலவு பெரிதில்லை. இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு கியராகப் போட்டுச் சுற்றிப் பார்க்கட்டும். உள்ளே மிச்சம் இருக்கும் ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, எந்த விலைக்கும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் மழையிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அவற்றின் பாகங்கள் எங்கெங்கோ போயிருக்கும், வெளியே கழுவித் துடைத்தால் அடையாளம் தெரியாது.

பில் கட்டாயம் வேண்டும். அதில் கடையின் பெயர், தேதி, "இத்தனை நாளுக்குள் கோளாறு என்றால் மாற்றித் தரப்படும்" என்ற வரி மூன்றும் இருக்க வேண்டும். ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும்தான் இருக்கும். கியர்பாக்ஸ் மாற்றியதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் எதுவும் பதிய வேண்டாம். ஆனால் திருட்டு வண்டியின் சாமான் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவு வாங்கினவரையும் விடாது. பில் இல்லாமல் 3,000 குறைத்துத் தருகிறேன் என்றால் வந்துவிடுங்கள். அப்புறம், கழற்றிய பழைய கியர்பாக்ஸை ஒர்க்ஷாப்பிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உடையாத சக்கரங்களுக்கும் அலுமினிய உறைக்கும் விலை உண்டு, அதைக் கூலியில் கழிக்கச் சொல்லலாம்.

இப்போது உச்சவரம்பு. ஒன்றரை வருடம் கழித்து 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்கவே 5,000 ரூபாய் கட்டணம், 2022 ஏப்ரலில் உயர்த்தியது. பசுமை வரி தனி, எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) காட்டுவதற்கான டிங்கரிங், பெயின்ட் வேலை அதற்கும் மேல். அதனால் இந்த வண்டியை இன்னும் 18 மாதம் ஓடும் வண்டியாக மட்டுமே பாருங்கள். 28,000-ஐ 18-ஆல் வகுத்தால் மாதம் 1,556 ரூபாய். தவணை 8,350-ஓடு ஒப்பிட்டால் இது தாங்கும். பிரித்த பிறகு மெக்கானிக் கூப்பிட்டு, "அண்ணே, ஷாஃப்ட்டும் போச்சு, இன்னும் பதினைந்து ஆகும்" என்றால்? வாடகை வண்டியையும் சேர்த்து 35,000-தான் எல்லை என்று பிரிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். அதைத் தாண்டினால் அந்த நிலையிலேயே வண்டியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். பிரித்துப் போட்ட வண்டியைப் பார்த்துக்கொண்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

பணத்துக்கு என்ன வழி? தண்டல் வேண்டாம். 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குவார்கள். பார்க்க 1,000 ரூபாய்தானே என்று தோன்றும். தினமும் அசலும் குறைந்துகொண்டே வருவதால் வருட வட்டியாகப் போட்டால் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். பயிர்க்கடனையும் தொடாதீர்கள். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை. அந்தப் பணம் கியர்பாக்ஸில் முடங்கி, சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வருவதற்குள் தேதி தாண்டினால், வட்டியும் ஏறும், அப்பாவின் பெயரும் சங்கத்தில் கெடும். உரத்துக்கு வைத்த பணம் அது.

நகைக்கடன்தான் சரி, அதுவும் 20,000 மட்டும். சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள். 10 சதவீதம் என்று வைத்தாலும் ஆறு மாத வட்டி 1,000 ரூபாய். தீபாவளி வசூல் வந்ததும் முதலில் மீட்க வேண்டியது அந்த நகையை. மனைவியிடம் தேதி சொல்லிவிட்டு வாங்குங்கள், அப்போதுதான் மீட்பீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தனிநபர் கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, எந்தப் பயன்பாட்டுக்குச் செல்லாது என்ற பகுதியைப் படியுங்கள். வாடகைக்கு ஓட்டுவதும், சாம்பிளும் சொந்தப் பெட்டி படுக்கையும் தவிர்த்த சரக்கு ஏற்றுவதும் அதில் வரும். முறுக்கு டின்கள் நிறைந்த வேகன் ஆர் நன்னிலம் ரோட்டில் யார் மீதாவது மோதினால், கம்பெனி இதைக் காட்டி கிளெய்மை மறுக்க இடம் இருக்கிறது. இந்த ஒன்றரை வருடத்துக்குள் மாற வேண்டியது இன்னொரு காருக்கு அல்ல, மஞ்சள் போர்டு போட்ட சின்ன சரக்கு வண்டிக்கு. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை தொழிலுக்கு அடமானம் இல்லாமல் கேட்கலாம். அதற்கு வங்கி உங்கள் வரவு செலவைத்தான் பார்க்கும். கடைக்காரர்கள் தரும் பணத்தை இன்றிலிருந்தே முடிந்தவரை கணக்கில் வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் இல்லை என்றால் இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.