ஓய்வுநாளும் தோராவும்: கேட்ட கேள்விகளுக்குப் பதில்

இயேசுவை மேசியாவாக ஏற்றுக்கொண்ட பிறகும் யூதராகவே வாழ்கிறவர்களை மேசியானிக் யூதர்கள் என்கிறோம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதிலிருந்து சனிக்கிழமை இரவு வரையுள்ள ஓய்வுநாளையும், மோசேயின் நியாயப்பிரமாணமாகிய தோராவையும் அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் தருகிறேன்.

மதுரை சகோதரி: சிலுவையோடு நியாயப்பிரமாணம் முடிந்துவிட்டது என்றுதான் எங்கள் சபையில் சொல்லிக்கொடுத்தார்கள். இரட்சிக்கப்பட்ட ஒரு யூதர் ஏன் திரும்பவும் தோராவுக்குள் போகிறார்?

பதில்: முதல் விசுவாசிகள் அதைவிட்டு வெளியே வரவே இல்லையே, சகோதரி. அப்போஸ்தலர் 21ஐ எடுத்து வாசியுங்கள். பவுல் எருசலேமுக்கு வந்திருக்கிறார். விசுவாசிகளான யூதர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எல்லாரும் நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியமுள்ளவர்கள் என்று அவரிடம் சொல்கிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் பண்ண வேண்டாமென்று பவுல் யூதருக்குப் போதிப்பதாக ஊரெல்லாம் பேச்சு. அது பொய் என்று காட்ட, பொருத்தனை பண்ணியிருந்த நான்கு பேரின் செலவை அவரே ஏற்றுக்கொண்டு அவர்களோடு தேவாலயத்துக்குப் போகிறார். சிலுவைக்குப் பின் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்த சமயம் அது.

மேசியா வேண்டுமானால் ஓய்வுநாளை விடு என்று யூதரை நெருக்கியது பிற்காலத்துச் சபை. ஸ்பெயினின் கத்தோலிக்க விசாரணை மன்றம் ஞானஸ்நானம் பெற்ற யூதர்களை எப்படிப் பிடித்தது தெரியுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றுகிறார்களா, சனிக்கிழமை சலவைத் துணி உடுத்துகிறார்களா என்று அக்கம்பக்கத்தாரை உளவு சொல்ல வைத்தது. அதை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் பதறும். 1880களில் கிஷினேவ் நகரில் யோசேப் ராபினோவிச் என்பவர், ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் விடாமலே இயேசுவைத் தொழுதுகொள்ளும் யூதக் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். இன்றைய மேசியானிக் சபைகளுக்கு அவர் முக்கியமான முன்னோடி.

திருச்சி வாசகர்: வெள்ளிக்கிழமை ராத்திரி அவர்கள் வீட்டில் என்னதான் நடக்கும்?

பதில்: பொழுது சாய 18 நிமிஷம் இருக்கும்போது (எருசலேமில் 40 நிமிஷம்) வீட்டுப் பெண் மெழுகுவர்த்திகளை ஏற்றுவார், குறைந்தது இரண்டு. சுடருக்கு மேலே கைகளை மூன்று தடவை தன் பக்கமாக வளைத்து, கண்களைப் பொத்திக்கொண்டு ஆசீர்வாதத்தைச் சொல்வார். பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். பிறகு திராட்சரசக் கிண்ணம். மேசையில் துணி போர்த்திய இரண்டு ஹல்லா ரொட்டிகள் இருக்கும். வனாந்தரத்தில் ஆறாம் நாள் இரட்டிப்பாய்க் கிடைத்த மன்னாவின் ஞாபகம் அது. மறுநாள் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ஓய்வுநாளை முடித்துவைக்கும் ஹவ்தாலா சடங்கு: பின்னல் மெழுகுவர்த்தி, முகர்ந்து பார்க்கக் கிராம்பு, பட்டை. கடைசியில் சுடரைத் திராட்சரசத்தில் அணைப்பார்கள்.

யூத வேத ஆசிரியர்களான ரபிகளின் மரபில் வந்த இந்த முறையில், மேசியானிக் வீடுகளில் யேசுவாவின் (இயேசுவின் எபிரேயப் பெயர்) நாமமும் சேர்ந்து ஒலிக்கும். எல்லா வீடும் ஒன்றுபோல் இருக்காது. ரபிகளின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா ஓய்வுநாளில் கூடாதென்று சொல்லும் 39 வகை வேலைகளையும் ஒதுக்குகிறவர்கள் உண்டு. காரில் ஏறிச் சபைக்குப் போகிறவர்களும் உண்டு.

சென்னைத் தம்பி: நான் தமிழன், யூத வம்சம் கிடையாது. ஓய்வுநாளைக் கைக்கொள்ளாதவன் பாவி என்று யூடியூபில் ஒரு போதகர் அடித்துச் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதே தம்பி. இதே கேள்விக்காகத்தான் அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடினார்கள். விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கையும் விலக்கச் சொல்லிப் புறஜாதியாருக்குக் கடிதம் எழுதினார்கள். அதில் ஓய்வுநாள் இல்லை. யாத்திராகமம் 31உம் அதைக் கர்த்தருக்கும் இஸ்ரவேல் புத்திரருக்கும் நடுவே உள்ள அடையாளம் என்றே சொல்கிறது.

உன் போதகர் தரப்புக்கும் வசனம் இருக்கிறது. உள்நாட்டானுக்கும் அந்நியனுக்கும் ஒரே பிரமாணம் என்கிற எண்ணாகமம் 15ஐக் காட்டுவார்கள். ஓய்வுநாள்தோறும் ஜெபஆலயங்களில் மோசே வாசிக்கப்படுகிறானே (அப்போஸ்தலர் 15:21), புறஜாதியார் மற்றதைப் போகப்போகக் கற்றுக்கொள்வார்கள் என்பார்கள். ஆனால் அதற்கு இரண்டு வசனம் முன்னாலேயே அவர்களைக் கலங்கப்பண்ணலாகாது என்று யாக்கோபு சொல்லிவிட்டாரே! 'ஒரே சட்டம்' என்ற இந்தப் போதனையை அமெரிக்காவின் பெரிய மேசியானிக் யூதக் கூட்டமைப்புகள் ஏற்கவில்லை. அதை வெகுகாலம் கற்பித்த 'ஃபர்ஸ்ட் ஃப்ரூட்ஸ் ஆஃப் சீயோன்' ஊழியமும் 2009இல் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. பவுலையே பார். தாய் யூதப்பெண் என்பதால் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்தார். கிரேக்கனான தீத்துவைக் கட்டாயப்படுத்த விடவில்லை.

அதற்காக உனக்குக் கதவு அடைபட்டிருக்கிறது என்று நினைக்காதே. ஏசாயா 56 ஓய்வுநாளை ஆசரிக்கிற அந்நியரைக் கர்த்தர் தம் பரிசுத்த பர்வதத்துக்குக் கொண்டுவந்து மகிழப்பண்ணுவார் என்கிறது. ஆசையிருந்தால் சந்தோஷமாக ஆசரி. இரட்சிப்புக்கு விலையாக மட்டும் அதைக் கட்டாதே, பக்கத்து வீட்டு விசுவாசியின் தலையிலும் ஏற்றாதே.

சேலம் வாசகர்: ஞாயிறு ஆராதனை கான்ஸ்டன்டைன் கொண்டுவந்ததுதானே?

பதில்: இல்லை. 321இல் ரோமப் பேரரசரான அவர் ஞாயிற்றை அரசாங்க ஓய்வு நாளாக்கினார். ஞாயிறு கூடிவருவதை ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தின் 2ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே எழுதிவைத்திருக்கிறார். ஓய்வுநாளில் சும்மா இருப்பதை யூதமயமாவது என்று சொல்லித் தடுத்தது 4ஆம் நூற்றாண்டின் லவோதிக்கேயா சபைச் சங்கம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

தூத்துக்குடி ஐயா: எங்கள் நாசரேத் பக்கத்துச் சட்டாம்பிள்ளை சபையும் சனிக்கிழமைதான் கூடும். அதுவும் மேசியானிக்கா?

பதில்: இல்லை ஐயா, அது தமிழ்க் கிறிஸ்தவர்களே எழுப்பிய இயக்கம். மிஷனரிமாரின் அதிகாரத்தை எதிர்த்து, 1857இல் பிரகாசபுரத்தில் தொடங்கியது. ஐரோப்பியப் பழக்கம் வேண்டாம், வேதத்திலிருந்தே நேரே எடுத்துக்கொள்வோம் என்று பழைய ஏற்பாட்டு ஓய்வுநாளையும் பண்டிகைகளையும் ஏற்றார்கள். அந்தத் துணிச்சல் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஒரு கல்லூரி மாணவி: தோராவிலுள்ள 613 கட்டளைகளையும் இன்றைக்கு யாரால் கைக்கொள்ள முடியும்?

பதில்: யாராலும் முடியாது, யூதருக்கும்தான். பலியும் ஆசாரியரும் தேவாலயத்தோடு சேர்ந்தவை, கி.பி. 70இல் தேவாலயம் போய்விட்டது. ரபி இஸ்ரவேல் மேயிர் காகான் கணக்குப்படி, இன்று எந்தத் தேசத்திலும் ஆசரிக்கக்கூடியவை 'செய்' என்று 77, 'செய்யாதே' என்று 194.

ஒரு நர்ஸ் சகோதரி: விருப்பத்தோடு ஓய்வுநாளை ஆசரிக்கிறேன். சனிக்கிழமை டியூட்டி போட்டால் மறுக்கலாமா?

பதில்: மறுக்காதீர்கள். உயிரைக் காப்பாற்ற ஓய்வுநாளை மீறலாம், மீறவே வேண்டும் என்பது ரபிகளின் உறுதியான தீர்ப்பு. ஆபத்திலிருப்பவன் பல ஓய்வுநாட்களை ஆசரிக்கும்படி அவனுக்காக ஓர் ஓய்வுநாளை மீறு என்கிறது ரபிகளின் போதனை நூலான தல்முத். சூம்பின கையையுடையவனை நம் ஆண்டவர் குணமாக்கியதும் ஓய்வுநாளில்தானே. டியூட்டி இல்லாத வாரத்தில் வெள்ளிக்கிழமையே சமையலை முடித்து, போனை அணைத்துவிடுங்கள். வீட்டில் மற்றவர்கள் ஆசரிக்கவில்லை என்றால் அவர்களோடு வாக்குவாதம் வேண்டாம். மாமியார் காபி கேட்டால் போட்டுக் கொடுங்கள்.