ஓர் இணையதளத்தில், அதன் புதிய பதிவுகளைத் தானாகப் பெற உதவும் ஆர்எஸ்எஸ் (RSS) பொத்தானே இல்லை. எப்படிச் சந்தா சேர்வது?

பொத்தான் இல்லாவிட்டாலும் செய்தியோடை, அதாவது புதிய பதிவுகளைத் தரும் கோப்பு, பெரும்பாலும் இருக்கும். முகப்பு முகவரியை அப்படியே ஓடைகளைத் திரட்டிக் காட்டும் ஃபீட்லி, இன்னோரீடர் போன்ற படிப்பானில் ஒட்டிப் பாருங்கள். அதுவே ஓடையைக் கண்டுபிடித்துவிடும். அகப்படாவிட்டால், வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளமானால் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு, ‘ஃபீட்’ (feed) என்று ஆங்கில எழுத்தில் சேருங்கள். மற்றவற்றில் கண்ட்ரோல்+யு அழுத்தி பக்கத்தின் மூலநிரலில் ‘ஆர்எஸ்எஸ்’ (rss) அல்லது இன்னொரு ஓடை வடிவமான ‘ஆட்டம்’ (atom) தேடுங்கள், இதையும் ஆங்கிலத்தில்தான்.

சேர்ந்த பிறகு சில பதிவுகள் விடுபடலாம். வேர்ட்பிரஸ் ஓடையில் இயல்பாகக் கடைசி 10 பதிவுகளே இருக்கும். கணினியில் நிறுவிய படிப்பானை இரண்டு வாரம் திறக்காமல் விட்டு, அதற்குள் 15 பதிவுகள் வந்திருந்தால் பழைய 5 கைக்கு எட்டாது. இணையவழிப் படிப்பான் நாம் திறக்காத நாளிலும் சேகரித்துக்கொண்டிருக்கும். செய்தித்தளங்களுக்கு அதுதான் சரி. ஆனால் சந்தாப் பட்டியலை வேறு படிப்பானுக்கு மாற்ற உதவும் ஓபிஎம்எல் (OPML) கோப்பாக அவ்வப்போது இறக்கி வையுங்கள். இணையவழிப் படிப்பான் ஒருநாள் மூடப்படலாம்; கூகுளின் படிப்பானான கூகுள் ரீடரே 2013 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது.