குளிருக்கு முன்னால் காருக்கு வாக்ஸ்: கேள்வியும் பதிலும்

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூனில் குளிர்காலம் தொடங்கும். அதனால் மே மாதம் பிறந்தால் போதும், "அண்ணா, காருக்கு வாக்ஸ் போடலாமா?" என்று ஊர் ஊராகக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

லெனேசியா: ஐரோப்பாவில் பனிக்கு ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள், அதனால் வாக்ஸ் போடுகிறார்கள். நமக்கு எதற்கு?

நமக்கு உப்பு இல்லை, வெயிலும் தூசியும் உண்டு. லெனேசியா அடங்கிய ஜொகன்னஸ்பர்க், கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். குளிர்காலத்திலும் வெயில் சுள்ளென்று அடிக்கும், மழை மட்டும் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. பறவை எச்சம் விழுந்தால் கழுவிவிட ஒரு தூறல் கூடக் கிடையாது, பெயிண்டிலேயே காய்ந்து அரித்துவிடும். ஆகஸ்ட் காற்றில் பழைய தங்கச் சுரங்க மேடுகளிலிருந்து பறக்கும் தூசி வேறு. அது பொடி மணல். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். வாக்ஸ் கீறலைத் தடுக்காது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அழுக்கு ஒட்டாமல் லேசாகக் கழன்று வரும், அதனால் அழுத்தித் தேய்க்கும் வேலை குறையும்.

டொங்காட்: கரும்புக் காடு எரிக்கும்போது கரி வந்து காரில் விழுகிறது. வாக்ஸ் போட்டால் சரியாகுமா?

விழுவதை யாராலும் தடுக்க முடியாது தம்பி. ஆனால் விழுந்ததும் செய்யக் கூடாததைத்தான் எல்லாரும் செய்கிறார்கள்: கையால் தட்டுவது, இறகு பிரஷ்ஷால் துடைப்பது. கரியை நசுக்கினால் கருப்புக் கோடு, அதோடு மெல்லிய கீறல். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மேலிருந்து கீழே அலசுங்கள், கை வைக்காதீர்கள். அப்புறம் ஷாம்பூ. சாம்பலில் காரத்தன்மை உண்டு. இரவுப் பனி பட்டு நனைந்து, காலை வெயிலில் காய்ந்தால் பெயிண்டில் தடம் விழும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உங்கள் பக்கம் கடல் காற்றும் சேர்கிறது. கார்னவுபா வாக்ஸ் (பனை இலையிலிருந்து எடுக்கும் மெழுகு) இரண்டு மூன்று மாதம் தாங்கினாலே பெரிது, சிந்தெட்டிக் சீலண்ட் (செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) அதைவிடக் கூடுதல் காலம் நிற்கும். வட கரையில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு சீலண்டுக்குத்தான்.

சாட்ஸ்வர்த்: போன வருட வாக்ஸ் திட்டுத் திட்டாக இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டால் போய்விடுமா?

முதலில், எடுக்க வேண்டுமா என்று பாருங்கள். கார் ஷாம்பூவால் நன்றாகக் கழுவிவிட்டு ஒரு குவளைத் தண்ணீரைப் பானட்டில் ஊற்றுங்கள். முத்து முத்தாக உருண்டால் வாக்ஸ் இன்னும் இருக்கிறது. தகடு போலப் பரவி நின்றால் பெரும்பாலும் போய்விட்டது. கழுவாமல் இந்தச் சோதனை செய்யாதீர்கள், அழுக்குப் படலமே வாக்ஸை மறைத்துவிடும். அதே வாக்ஸையே மறுபடி போடப் போகிறீர்கள் என்றால் பழையதை எடுக்கவே வேண்டாம், மேலேயே போடலாம். சீலண்டுக்கோ செராமிக் கோட்டிங்குக்கோ மாறினால்தான் முழுக்க எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புதியது பிடிக்காது.

பாத்திர சோப்பு மேலோட்டமாகத்தான் எடுக்கும், சீலண்டை அசைக்காது. ஒரு தடவை போட்டால் குடி முழுகிவிடாது, வாராவாரம் போட்டால் ரப்பர் பீடிங் வறண்டுவிடும். சரியான வழி இது: கழுவிய பிறகு கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவுங்கள். வெறுங்கைக்குத் தெரியாத நறநறப்பு பைக்குள் தெரியும். அந்த இடத்தில் ஷாம்பூத் தண்ணீர் தெளித்து, கிளே பாரை (பெயிண்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) அழுத்தாமல் ஓட்டுங்கள். நறநறப்பு அடங்கி வழுவழுவென்று ஓடினால் போதும். கிளே கீழே விழுந்தால் பாசம் பார்க்காமல் தூக்கி எறிங்கள், அதில் ஒட்டிய மண் காரைக் கீறிவிடும். கடைசியாக, தண்ணீரில் 15 சதவீதம் அளவுக்குக் கலந்த ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் எடுத்துத் துடையுங்கள். அப்போதும் திட்டு போகவில்லையா? மெல்லிய பாலிஷ் ஒரு சுற்று. பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே வேண்டாம்.

புளூம்ஃபொன்டெய்ன்: இங்கே காலையில் கண்ணாடியெல்லாம் உறைந்து கிடக்கிறது. எப்போது போடுவது?

பதினொரு மணிக்குப் பிறகு, நிழலில். புறங்கையைப் பானட்டில் வையுங்கள்; சில்லென்றும் இருக்கக் கூடாது, சுடவும் கூடாது. வாக்ஸை எவ்வளவு மெல்லியதாகப் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது, தடிமனாகப் போட்டதெல்லாம் துணியில்தான் வரும். வறண்ட காற்றில் சீக்கிரம் காய்ந்து இறுகிவிடும் என்பதால் ஒரு டோர் முடித்து, துடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, அந்த இடம் பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம், பிசுபிசுத்தால் பொறுங்கள். முன் கண்ணாடியில் பட வேண்டாம், வைப்பர் குதிக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: கருப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படிந்துவிட்டது.

எல்லா உபயோகத்துக்குமான கிளீனர், பழைய டூத் பிரஷ். அடுத்த முறை டேப் ஒட்டிவிட்டுப் போடுங்கள்.

ஃபீனிக்ஸ்: வண்டிப் பூஜையில் வைத்த மஞ்சளும் குங்குமமும் வெள்ளைக் காரில் கறையாகிவிட்டது அண்ணா.

மஞ்சள் கறை வெயில் பட்டாலே நாளடைவில் மங்கும். குங்குமம்தான் வம்பு, சாயம் கலந்ததாக இருந்தால் கிளியர் கோட்டுக்குள், அதாவது பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சுக்குள், இறங்கிவிடும். முதலில் ஷாம்பூ, அப்புறம் மேலே சொன்ன ஆல்கஹால், கடைசியில்தான் பாலிஷ். பூஜைக்கு முந்தைய நாளே வாக்ஸ் போட்டுவிடுங்கள், அல்லது பொட்டை நம்பர் பிளேட்டில் வையுங்கள். பானட் மேல் கற்பூரம் மட்டும் வேண்டாம் அக்கா, தட்டில் காட்டினாலே சாமி ஏற்றுக்கொள்ளும்.

டர்பன்: ஜூலையில் பக்கியில் (பிக்கப் வண்டி) லெசோத்தோவுக்குப் போகும் சானி பாஸ் மலைப்பாதை ஏறுகிறோம். அடிப்பக்கமும் வாக்ஸ் வேண்டுமா?

அடிக்கென்று தனி வாக்ஸ் உண்டு, பானட்டுக்குப் போடுவது அங்கே உதவாது. அடியைக் கழுவி, முழுக்கக் காயவிட்டு அடியுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் துருவை உள்ளே பூட்டி வைத்த மாதிரி. பிரேக், சைலன்சர் குழாய், ரப்பர் புஷ் இவற்றில் படக் கூடாது. சேஸில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். திரும்பி வந்ததும் சேற்றைக் கழுவுங்கள்.

கேப்டவுன்: மேட் பெயிண்ட் (பளபளப்பில்லாத பெயிண்ட்) காருக்கு?

சாதா வாக்ஸ் வேண்டாம், திட்டுத் திட்டாகப் பளபளக்கும். மேட்டுக்கென்றே விற்கும் சீலண்டை வாங்குங்கள்.