ஏசி தெர்மோஸ்டாட்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: 16 வைத்தால் அறை சீக்கிரம் குளிருமா அண்ணே?

பதில்: சாதா ஸ்பிளிட் ஏசியில் குளிராது தம்பி. அந்தக் கம்ப்ரசர் ஓடும் அல்லது நிற்கும், நடுவில் ஒன்றும் கிடையாது. அறைச் சூட்டைப் பார்த்து அதை ஓடவும் நிற்கவும் வைப்பதுதான் தெர்மோஸ்டாட். எப்போது நிற்க வேண்டும் என்பதைத்தான் நீங்கள் வைக்கும் எண் சொல்கிறது. மே மாதச் சென்னையில் 16-ஐ எட்டுவதற்குள் விடிந்துவிடும், இபி பில்தான் ஏறும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் வேகம் கூடிக் குறையும். ஆனாலும் 35 டிகிரி அறையில் 24 வைத்தாலே முதலில் வேகமாகத்தான் ஓடும்.

கேள்வி: 24 வைத்திருக்கிறேன், கட்டில் பக்கம் தெர்மாமீட்டர் 27 காட்டுகிறதே சார்?

பதில்: ஏசிக்கு உங்கள் கட்டில் தெரியாது. உள் யூனிட்டில், ஃபில்டருக்குப் பின்னால், காயிலுக்கு (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளுக்கு) முன்னால் கிளிப்பில் ஒரு குட்டி தெர்மிஸ்டர் இருக்கும். உள்ளே இழுக்கும் காற்றின் சூட்டை அதுதான் அளக்கிறது. கிளிப்பிலிருந்து கழன்று காயிலில் பட்டால் அறையே குளிர்ந்துவிட்டதாக நினைத்துக் கம்ப்ரசரை நிறுத்திவிடும். "கேஸ் போடணும்" என்று மெக்கானிக் சொன்னால் முதலில் கிளிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அணைத்து உடனே போட்டால் காற்று மட்டும் வருகிறது.

பதில்: 3 நிமிடம் பொறுங்கள். உள்ளே பிரஷர் சமமாகட்டும். சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

கேள்வி: 18 வைத்தால் சீக்கிரம் குளிருமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: 20-க்குக் கீழே வைக்க முடியாமல் செய்யப்போவதாக 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் சொன்னாரே. என் காசு, என் ஏசி, இவர்களுக்கு என்ன?

பதில்: காசு உங்களுடையதுதான், சாயங்கால மின்பளு எல்லோருடையதும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது பிஇஇ (மின்சாதனங்களுக்கு ஸ்டார் தரும் மத்திய அரசு அமைப்பு) கணக்கு. 2020 ஜனவரி முதல் ஸ்டார் ஏசிகள் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த விதிதான்.

கேள்வி: டெல்லிக்காரர் சட்டம். சென்னைப் புழுக்கத்தில் 24 எப்படிப் போதும்?

பதில்: இது நியாயம். தெர்மோஸ்டாட்டுக்கு ஈரப்பதம் தெரியாது. 24 வந்ததும் கம்ப்ரசர் நிற்கும். ஃபேன் மட்டும் ஓடினால் காயிலில் படிந்த தண்ணீர் திரும்ப அறைக்குள்ளேயே ஆவியாகும், பிசுபிசுக்கும். அதற்கு எண்ணைக் குறைக்காதீர்கள். ஈரத்தைக் குறைக்கும் டிரை மோடு போடுங்கள், அல்லது 26 வைத்துச் சீலிங் ஃபேனைச் சுற்றவிடுங்கள்.

கேள்வி: அது அலர்ஜிக்காரருக்கு...

பதில்: டாக்டரைக் கேளுங்கள். கிளிப்பையும் ஒருதரம் பாருங்கள்.

கேள்வி: பழைய விண்டோ ஏசி திருகில் 7 என்றால் எத்தனை டிகிரி?

பதில்: டிகிரியே இல்லை, அளவுக்குறிதான். கேஸ் அடைத்த மெல்லிய குழாய், சூட்டில் விரிந்து சுவிட்சைத் தள்ளும். அந்தக் குழாயை மடக்கி ஒடித்துவிட்டால் கம்ப்ரசர் கிளம்பவே கிளம்பாது. தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டியதுதான்.