மூன்று கிளைக்கு ஆறாயிரத்து ஐந்நூறா?

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பா வைத்த வேப்பமரம் ஒன்று இருக்கிறது. அதன் மூன்று கிளைகள் ஓட்டுக்கூரை மேல் வந்துவிட்டன. கஜா புயலுக்குப் பிறகு காற்றடித்தாலே அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை. மரம் வெட்டுகிறவர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். மூன்று கிளையை மட்டும் எடுக்க 6,500 ரூபாய் கேட்டார், கட்டை உங்களுக்கே என்றார். மறுநாள் இன்னொருவர் வந்தார். மரத்தை அடியோடு எடுத்துக்கொண்டு நமக்கு 3,000 ரூபாய் தருகிறாராம். மரம் இருக்கட்டும் என்றால் மொட்டை அடித்துவிடுகிறேன், கட்டையை எடுத்துக்கொள்கிறேன், காசு வேண்டாம் என்கிறார். முதல் ஆள் கேட்டது பகல் கொள்ளை இல்லையா? ஒரு வேலைக்கு ஒரு ரேட் என்று இவர்களுக்கு ஏன் கிடையாது? இந்தத் தொழில்காரர்களோடு பழகியவர் நீங்கள், அதனால் கேட்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அன்புள்ள நண்பருக்கு,

கொள்ளை இல்லை. முதலில் வந்தவரையே கூப்பிடுங்கள்.

இரண்டாவது ஆள் உங்கள் மரத்தை விலைக்குக் கேட்கிறார். வேம்பின் அடிமரம் கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் போகும், மிச்சம் விறகுக்கும் செங்கல் சூளைக்கும் போகும். உங்களுக்கு 3,000 கொடுத்தாலும் அவருக்கு லாபம் நிற்கும். அதில் தப்பு ஒன்றுமில்லை, அது மர வியாபாரம். முதல் ஆள் கேட்பது கூலி. வேலை முடிந்த பிறகும் மரம் நிற்க வேண்டும் என்பதற்கான கூலி.

நம் பக்கத்தில் மரம் வெட்டுகிறவருக்குக் கூலி பெரும்பாலும் கட்டையில்தான் கழிகிறது. “கட்டையை எடுத்துக்கப்பா, கூலிக்குச் சரியாப் போச்சு” என்று சொல்லாத வீடு குறைவு. அப்படிச் சொன்ன நிமிடமே, எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு அவருக்கு வரும்படி என்று ஆகிவிடுகிறது. மூன்று கிளை போதும் என்றால் அவருக்கு என்ன மிஞ்சும்? “இந்தப் பக்கமும் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு, எடுத்துடவா?” என்று கேட்கத்தான் செய்வார். மரம் வெட்டுகிறவர்களுக்கு மரத்தின் மேல் இரக்கமே இல்லை என்று பேசுகிறோம். இரக்கப்பட்டால் அன்றைக்கு அவர் வீட்டில் உலை வைக்க முடியாத மாதிரி கூலியை வைத்திருப்பது நாம்தான். ரேட் இல்லை என்கிறீர்களே, கட்டைக்கு மரத்துக்கு மரம் வேறு விலை. அதிலேயே கூலியையும் கழித்தால் ரேட் எங்கிருந்து வரும்?

6,500-ஐப் பிரித்துப் பாருங்கள். ஏறுகிறவர் ஒருவர், கயிறு பிடிக்க இரண்டு பேர், கீழே கழித்துப் போட ஒருவர். நாலு ஆள், கிட்டத்தட்ட ஒரு நாள். மரம் அறுக்கிற செயின் மெஷினுக்குப் பெட்ரோல், அதில் கலக்க டூ-டி ஆயில், செயினுக்குத் தனி ஆயில். அப்புறம் ஆணி. கொடிக்கயிறு கட்ட, சாமி படம் மாட்ட என்று என்றைக்கோ அடித்த ஆணியின் மேல் மரம் வளர்ந்து மூடியிருக்கும். வெளியே தெரியாது. செயின் அதில் பட்டதும் பொறி பறக்கும், பல் மழுங்கும், உட்கார்ந்து அரம் போட வேண்டும். எந்த இடத்தில் ஆணி அடித்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வெட்டுகிறவர் சந்தோஷப்படுவார்.

கீழே ஓடு இருப்பதால் கிளையை வெட்டித் தள்ள முடியாது, இறக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் செய்வதை நின்று பார்த்திருக்கிறேன். கயிற்றை மேலே உறுதியான ஒரு கவையில் போட்டுக் கிளையில் கட்டுவார். மறுமுனை கீழே பக்கத்துத் தென்னையில் இரண்டு சுற்று சுற்றியிருக்கும். அந்த உராய்வில்தான் பாரம் நிற்கும், பிடிக்கிறவர் கை தோல் உரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். வெட்டும்போது முதல் வெட்டு கிளையின் அடிப்பக்கத்தில், அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கால்வாசி ஆழத்துக்கு. அடுத்த வெட்டு அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து. அடிவெட்டு போடாமல் மேலிருந்தே அறுத்தால், கிளை பாதியில் ஒடிந்து அடிமரத்துப் பட்டையையும் கிழித்துக்கொண்டு வரும். கிளை இறங்கிய பிறகு மிச்சமிருக்கும் முண்டுக்கு மூன்றாவது வெட்டு. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் வளையம் மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், அதை ஒட்டி வெளியே வெட்டுவார். அந்தத் தடிப்பிலிருந்துதான் காயத்தின் மேல் பட்டை வளர்ந்து மூட வேண்டும். அதைச் செதுக்கினாலும் கெடுதல், முண்டை நீளமாக விட்டாலும் கெடுதல். வெட்டுவாயில் தார் பூசச் சொல்லி நீங்கள் நிற்க வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து உள்ளே பார்த்தவர். பூச்சு எதுவும் உளுப்பதைத் தடுக்கவில்லை, காயத்தைச் சுற்றி மரமே உள்ளுக்குள் தடுப்பு எழுப்பிக்கொள்கிறது என்று எழுதினார்.

இரண்டாவது ஆள் சொன்ன மொட்டையைத்தான் நம் பக்கத்தில் எல்லோரும் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். மொட்டையடித்த வேம்பு ஒரே வருடத்தில் கொத்துக் கொத்தாகத் தளிர்க்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அந்தப் போத்துகள் மேல்பட்டைக்குக் கீழிருந்து கிளம்பியவை, மரத்தின் உள்ளே பிடிமானம் கிடையாது. வெட்டுவாய் வேறு உளுத்துக்கொண்டே போகும். நாலைந்து வருடத்தில் அவை கனத்து நிற்கும்போது காற்று வந்தால் முதலில் உங்கள் ஓட்டின் மேல் விழுவது அவைதான்.

இன்னொன்று. மரத்துக்குப் பக்கத்தில் செப்டிக் டேங்க், போர்வெல் என்று ஏதாவது தோண்டினீர்களா? ஒரு பக்கம் வேரை வெட்டியிருந்தால் கிளை எடுப்பதோடு விஷயம் முடியாது. நம் வண்டல் மண் ஐப்பசி, கார்த்திகையில் ஊறிக் கிடக்கும்போது மரம் வேரோடு சாய்வதுதான் அதிகம். அப்படி இருந்தால் வெட்டுகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மரத்தையே எடுக்கச் சொன்னாலும் கேளுங்கள்.

கஜாவைச் சொன்னீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் விழுந்து கிடந்த அந்த மாதங்களில் நிறையப் பேர் மெஷின் வாங்கினார்கள். மெஷின் வாங்குவது சுலபம், விழுந்த மரத்தைப் படிப்பது கஷ்டம். இரண்டு முனையும் ஊன்றிக் கிடக்கும் மரத்தை மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு மூடி வாள் மாட்டிக்கொள்ளும். வளைந்து விறைத்திருக்கும் மரத்தைத் தவறான பக்கம் தொட்டால் திருப்பி அடிக்கும். உங்களிடம் வந்தவர் பழைய ஆளா என்று தெரிய ஒரு வழி: வந்ததும் விலை பேசுகிறாரா, அண்ணாந்து மரத்தை ஒரு சுற்று சுற்றி வருகிறாரா என்று பாருங்கள். பழைய ஆள் முதலில் கதண்டு, அதாவது கொட்டினால் ஆபத்தான பெரிய குளவி, இருக்கிறதா என்று தேடுவார். கதண்டுக் கூட்டைப் பார்க்காமல் மரத்தின் மேல் மெஷினை இழுத்து ஸ்டார்ட் செய்தவர் இறங்கி ஓடவும் முடியாது. கூடு இருந்தால் அன்று வேலை இல்லை, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் மரத்தை உரசிப் போகிறதென்றால் ஈபி ஆபீசில் சொல்லி லைனை நிறுத்துவது உங்கள் பொறுப்பு. பச்சைக் கிளையில் கரண்ட் பாயும். ஏறுகிறவரிடம், வங்கியில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் வரும், 18 முதல் 70 வயது வரை சேரலாம். பெரிய தொகை இல்லைதான். தனியாளாகத் தொழில் செய்கிறவருக்கு அதுகூட இல்லாமல் இருப்பதுதான் வழக்கம்.

விலையைக் குறைக்கப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டையைக் காட்டிப் பேசாதீர்கள். பணமாகவே கொடுங்கள். கட்டை வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு விலை போட்டு அவர் வாங்கிக்கொள்ளட்டும்.

ஆவணிக்குள் ஆளைச் சொல்லி வையுங்கள். புரட்டாசி பாதி போனால் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒரே சமயத்தில் மரம் ஞாபகம் வரும், அவர் கிடைக்க மாட்டார். மழை பிடித்துவிட்டால் பட்டை வழுக்கும், நல்ல ஆள் ஏறுவதில்லை. அப்போதும் ஏறுகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிட்டு, தை வரைக்கும் அம்மாவை முன்கட்டில் படுக்கச் சொல்லுங்கள்.