பதில்: தடைக்காலத்தில் பிள்ளையிடம் எரிந்து விழுகிறேன்

சகோதரி, தங்கச்சிமடத்தில் மீன்பிடித் தடையால் வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகாமல் இருக்கும் இந்த 61 நாளில் மகளிர் குழுவில் வாங்கிய கடன் நெருக்குகிறது, கோபமெல்லாம் மகன்மேல் போகிறது, வேதத்தில் கலாத்தியர் 5 வாசித்தால் குற்ற உணர்வுதான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துப் போனது.

அந்த அதிகாரத்தில் நீடிய பொறுமை, தயவு, சாந்தம் மூன்றையும் அப்போஸ்தலன் பவுல் ஆவியின் கனி என்கிறார். கனி ஒரே நாளில் பழுக்காது.

1 இராஜாக்கள் 19-ஐ வாசித்துப் பாருங்கள். சாக வேண்டும் என்று படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவன் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டு, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டார். பேச்செல்லாம் அப்புறம்தான். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? பசியும் தூக்கமின்மையும் இருந்தால் யாருக்கும் வாய் நிதானமாக இருக்காது.

கடன் கணக்கைச் சோற்றுத் தட்டின்முன் எடுக்காதீர்கள். பிள்ளைகள் தூங்கியபின் நீங்களும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசுங்கள், முதலில் அவர் சொல்லி முடிக்கட்டும். யாக்கோபு 1:19-ம் பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்பதைத்தான் வைக்கிறது.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டாம். மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று வேதம் சொல்லும் மோசேதான், ஜனங்களை விடச் சொல்லி எகிப்து ராஜா பார்வோன் முன் நின்றார். தவணை கேட்டு ராத்திரியில் வாசலில் வந்து சத்தம் போடுகிறவரிடம், "பகலில் வாருங்கள்" என்று குரல் உயர்த்தாமல் சொல்லலாம்.

மகனிடம் இன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள். சின்னப் பிள்ளைதானே என்று தள்ளிப்போட வேண்டாம்.